பதினொரு நிமிஷம்

குற்றாலத்துக்குப் போவதற்குக் காரணம் ஒன்று வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை. ஆனி பிறந்து, ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேல்காற்றுப் புகுந்து, தென்காசித் தெருக்களில் சாரல் விழத் தொடங்கிவிட்டது என்று செய்தி வந்தால் போதும். தமிழ்நாட்டின் நாலா திசைகளிலிருந்தும் ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். "சீஸன் எப்படி?" என்று கடுதாசி எழுதிக் கேட்ட காலம் மலையேறிவிட்டது. இப்போது கைத்தொலைபேசியில் அருவியின் படத்தையே வரவழைத்துப் பார்த்துவிட்டு, அன்று இரவே பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிவிடுகிறார்கள்.

ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் குற்றாலத்தில் வாழ்ந்த நாட்களில், கவிதைக்காக அவரைத் தேடி வந்தவர்கள் அருவிக்காகத் தங்கினார்கள். அருவிக்காக வந்தவர்கள் கவிதைக்காகத் தங்கினார்கள். அதில் ஆச்சரியம் இல்லை. உச்சந்தலையில் எண்ணெய் வழிய அருவிக்குக் கீழே போய் நின்றவனுக்கு உலகத்தில் விரோதிகளே கிடையாது. கடன்காரன்கூடப் பக்கத்தில் நின்று குளிக்கலாம்!

இப்படிப்பட்ட அருவியைப் பற்றி எழுதும்போது 'அபாயம்' என்ற சொல்லை உபயோகிப்பதற்கே மனம் கூசுகிறது. ஆயினும் உபயோகிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

2024-ஆம் ஆண்டு மே மாதம் 17-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை. பழைய குற்றாலத்தில் ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாகப் பலர் குளித்துக்கொண்டிருந்தார்கள். பிற்பகலில் அருவி சட்டென்று பெருகிற்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீரின் நிறம் மாறி, படிக்கட்டுகளின் மீது வெள்ளம் புரண்டது. ஜனங்கள் அலறிக்கொண்டு மேட்டை நோக்கி ஓடினார்கள். அந்தக் காட்சியைச் சிலர் படம் பிடித்தார்கள். அன்று மாலைக்குள் தமிழ்நாடு முழுவதும் அதைப் பார்த்துத் திகைத்தது. எத்தனையோ பேர் தப்பினார்கள். பள்ளி மாணவன் ஒருவன் மட்டும் தப்பவில்லை. விடுமுறைக்கு அருவியில் குளிக்கப் போன பிள்ளை வீட்டுக்குத் திரும்பவில்லை.

இம்மாதிரி சமயங்களில் எல்லோருடைய வாயிலும் வருகிற வார்த்தை ஒன்று உண்டு. "இங்கே அப்படி ஒன்றும் மழை இல்லையே!" என்பதுதான் அது. வாஸ்தவம். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி, இங்கே மழை பெய்ததா என்பதல்ல. மலைமேல் பெய்ததா என்பதே.

வினாடிக்குப் பதினாலு யானை

நம் ஊர் ஓட்டு வீடுகளில் கூரையின் இரண்டு சரிவுகள் கூடுகிற மூலை ஒன்று இருக்கும். கூரை முழுவதும் பரவலாக விழுகிற மழை, அந்த ஒரு மூலையில் வந்து அண்டா நிரம்பக் கொட்டும். அருவியும் அவ்வாறே. திரிகூட மலையின் சரிவுகளில் பல மைல் தூரத்துக்குப் பரவலாக விழும் மழை, பாறை இடுக்குகளில் வழிந்து, ஓடைகளில் சேர்ந்து, கடைசியில் ஒரே வாய் வழியாகக் கீழே குதிக்கிறது.

இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால், அது 1 கோடி லிட்டர் தண்ணீர். உதாரணத்துக்கு, ஓர் ஓடைக்கு 10 சதுர கிலோமீட்டர் மலைச் சரிவு சொந்தம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஒரு மணி நேரத்தில் 5 சென்டிமீட்டர் மழை கொட்டினால் 50 கோடி லிட்டர் ஆயிற்று. மண்ணும் மரமும் அதில் பாதியைக் குடித்துவிட்டாலும், மீதிப் பாதி அடுத்த ஒரு மணி நேரத்தில் இறங்குமானால், வினாடிக்குச் சுமார் 70 ஆயிரம் லிட்டர்; எடையில் 70 டன். பெரிய கொம்பன் யானை ஒன்று 5 டன் என்றால், வினாடிக்குப் பதினாலு யானைகள்! அவை நடந்து வரவில்லை, ஓடி வருகின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது நம்மைத் தள்ளுகிற பலம் நான்கு மடங்காகிவிடும். அரை அடி ஆழந்தான் என்று அலட்சியமாகக் கால் வைத்த பெரிய ஆளையும் வேகமாக ஓடும் வெள்ளம் வீழ்த்திவிடும். இரண்டடி வெள்ளம் மோட்டார் காரையே மிதக்க வைத்துவிடும்.

மழை பெய்து 6 மணி நேரத்துக்குள் வந்து தாக்கும் வெள்ளத்துக்குத் 'திடீர் வெள்ளம்' என்று வானிலை சாஸ்திரிகள் பெயர் வைத்திருக்கிறார்கள். குற்றாலத்துக்கு அந்த ஆறு மணி நேரமும் கிடையாது. மலை செங்குத்து, பாறை வழுக்கல், ஓடையின் நீளமோ குறைவு. பக்கத்திலே குண்டாறு, அடவிநயினார் முதலிய அணைகள் இருக்கின்றன. அவை தத்தம் ஆற்றின் நீரைப் பிடித்து நிறுத்தி, அளந்து விடுகின்றன. பேரருவிக்கு மேலே அப்படித் தடுத்து நிறுத்த அணை ஏதும் இல்லை. பாறையைக் குடைந்து நீரே உண்டாக்கிக்கொண்ட பொங்குமாங்கடல் ஒன்றுதான் நடுவழியில் நின்று, விழுகிற நீரின் வேகத்தை வாங்கிக்கொண்டு, நம் தலையில் இதமாகத் தட்டச் செய்கிறது. பெருவெள்ளத்தின் முன்னால் அதுவும் என்ன செய்யும், பாவம்!

மணலிலும் வெள்ளம்

பழைய குற்றாலத்து விபத்துக்குச் சுமார் ஒரு மாதம் முன்பு இன்னொரு விசித்திரம் நடந்தது. தென்காசி, கடையநல்லூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் ஒரு பிள்ளையோ மருமகனோ வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கிறார்கள். "ஊரில் மழை உண்டா? குளம் பெருகிற்றா?" என்று அங்கிருந்து அவர்கள் விசாரிப்பதுதான் வழக்கம். 2024 ஏப்ரல் 16-ஆம் தேதி அந்த வழக்கம் தலைகீழாயிற்று. "துபாயில் வெள்ளமாமே, பத்திரமாக இருக்கிறாயா?" என்று இங்கிருந்து தாய்மார்கள் விசாரித்தார்கள்.

துபாயில் வருஷம் முழுவதும் பெய்கிற மழை சராசரியாக 10 சென்டிமீட்டருக்கும் குறைவு. அன்று ஒரே நாளில் விமான நிலையத்தில் பெய்தது 14 சென்டிமீட்டர். அதே ஐக்கிய அரபு நாட்டில் அல் ஐன் பிரதேசத்தில் ஓரிடத்தில் 25 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிற்று. அந்த நாட்டில் மழையை அளந்து குறித்து வந்த 75 ஆண்டுகளில் அவ்வளவு மழை பெய்ததே இல்லை. உலகத்திலேயே ஜன நடமாட்டம் மிகுந்த விமான நிலையங்களில் ஒன்று ஏரியாயிற்று. இரண்டு நாள் முன்னதாக, பக்கத்து ஓமான் தேசத்தில் பள்ளிக் குழந்தைகளை ஏற்றிச் சென்ற வண்டியைக் காட்டாற்று வெள்ளம் அடித்துக்கொண்டு போய், பல குழந்தைகள் மாண்டார்கள்.

பாலைவனத்தில் வெள்ளம் வருமா என்று கேட்கலாம். வரும், வந்தால் பொல்லாததாகவே வரும். மணல் எல்லா இடத்திலும் நீரைக் குடிப்பதில்லை. வெயிலில் காய்ந்து இறுகிய தரை, ஓடு போல ஆகிவிடுகிறது. மழை அபூர்வமானதால் ஜனங்கள் அதை மறந்துவிடுகிறார்கள். பல வருஷம் வறண்டு கிடக்கிற காட்டாற்றுப் படுகையை அரபு மொழியில் 'வாடி' என்பார்கள். நீண்ட காலம் வறண்டு கிடந்தால், அது ஆறு என்பதே நினைவிலிருந்து போய்விடுகிறது. அங்கே மனை போடுகிறார்கள், சாலை போடுகிறார்கள். சவூதி அரேபியாவின் ஜித்தா நகரம் அவ்வாறு வாடிகளின் வாயை நோக்கிப் பரவி வளர்ந்தது. 2009 நவம்பர் 25-ஆம் தேதி சில மணி நேரம் பெய்த மழையில், நூற்றுக்கு மேற்பட்டோர் அங்கே உயிரிழந்தார்கள். வாடி தன் வழியை மறக்கவில்லை, மனிதர்கள்தாம் மறந்தார்கள்.

துபாய் அரசாங்கம் 2024 ஜூன் மாதம் ஒரு பெருந்திட்டத்தை அறிவித்தது. மழைநீர் வடிவதற்காக 3,000 கோடி திர்ஹாம் செலவில், 2033-ஆம் ஆண்டுக்குள் வடிகால் அமைக்கப் போகிறார்கள். அவர்களிடம் பணம் இருக்கிறது, செய்வார்கள். நமக்கு இதில் உள்ள பாடம் வேறு. ஊர் வளர்வதற்கு முன்னே தண்ணீரின் வழியை விட்டுவைப்பது மலிவு. வளர்ந்த பின்பு வழி தேடுவதற்குப் பொன்னைக் கொட்ட வேண்டும்.

தென்காசியின் கால்வாய்கள்

தென்காசிக்கு இந்தப் பாடம் இப்போதே அவசியம். 2019 நவம்பர் 22-ஆம் தேதி திருநெல்வேலியிலிருந்து பிரிந்து, தென்காசி ஒரு ஜில்லாவின் தலைநகராயிற்று. தலைநகரம் என்றால் கச்சேரிகள் வரும். கச்சேரிகளுக்குப் பின்னால் உத்தியோகஸ்தர்கள் வருவார்கள். அவர்களுக்கு வீடு வேண்டும், கடை வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும். நல்லதுதான். ஆனால் 'மலை தெரிகிற மனை' என்று விளம்பரம் செய்யும்போது, மலையிலிருந்து இறங்குகிற ஓடை எந்த வழியாகப் போகிறது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

குற்றாலத்தில் குதித்த சிற்றாறு, காசி விசுவநாதர் கோயில் கொண்ட தென்காசியைத் தொட்டுக்கொண்டு, பல வயல்களுக்குப் பாய்ந்து, கடைசியில் சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. வழி நெடுகக் கால்வாய்கள், குளங்கள். ஒரு குளம் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகும். அது நிறைந்தால் அதற்கு அடுத்தது. நம் முன்னோர்கள் இதை வயலுக்காகச் செய்தார்கள் என்று எண்ணுகிறோம். பாதி உண்மை. ஓடி வருகிற வெள்ளத்தைப் பிடித்து, உட்கார வைத்து, மூச்சு வாங்கச் செய்து அனுப்புகிற உபாயமும் அதுவேதான். குளத்தைத் தூர்த்தவன் தன் வயலை மட்டும் கெடுக்கவில்லை. கீழே உள்ள தெருவின்மேல் வெள்ளத்தை ஏவி விடுகிறான்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் ஜில்லாக்களில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான ரயில் பிரயாணிகள் வெள்ளத்தின் நடுவே அகப்பட்டுக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரிலும் குற்றாலத்து அருவிகள் கரை கடந்து சீறின. இம்மாதிரி மழை இனி அபூர்வம் என்று இருந்துவிடலாகாது. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால், அது சுமக்கக்கூடிய ஈரம் நூற்றுக்கு ஏழு பங்கு ஏறுகிறது என்பது பௌதிக சாஸ்திரம். உலகம் முழுவதும் வெப்பம் ஏறிக்கொண்டிருக்கிறது. அதிக ஈரம் சுமக்கிற மேகம் மலைமேல் மோதினால் என்ன நேரும் என்பதற்குச் சாஸ்திரம் படிக்க வேண்டியதில்லை.

2017-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுச் சர்க்கார் பழைய குடிமராமத்து முறையை மறுபடி தொடங்கி வைத்தது. ஊரார் கூடித் தங்கள் குளத்தையும் காலையும் செப்பனிடுகிற வழக்கம் அது. சுயராஜ்யம் என்பது சென்னையிலும் டில்லியிலும் மட்டும் நடக்கிற காரியம் அல்ல. தன் ஊர் ஓடையில் குப்பை கொட்டாமல் பார்த்துக்கொள்வதும் அதில் ஒரு பகுதிதான்.

வளைவும் அவகாசமும்

மறுபடியும் அருவிக்கு வருவோம்.

பேரருவியில் குளிப்பவர்களின் தலைக்கு மேலே பாதுகாப்பு வளைவு ஒன்று உண்டு. தண்ணீர் அந்த வளைவைத் தாண்டி வந்து விழுந்தால், குளிக்கத் தடை. எளிய ஏற்பாடு, எழுத்தறியாதவருக்கும் விளங்குவது. இதனால் எத்தனையோ உயிர்கள் காப்பாற்றப்பட்டிருக்கும். ஆனால் ஒரு குறை. வெள்ளம் நம் தலைக்கு மேல் வந்த பிறகுதான் வளைவு பேசுகிறது. திருடன் உள்ளே வந்த பிறகு நாய் குரைப்பதைப் போல.

நாய் வாசலிலே குரைக்க வேண்டாமா?

பேரருவிக்கு மேலே சுமார் 2 கிலோமீட்டர் தொலைவில் செண்பகாதேவி அருவி. அதற்கும் மேலே தேனருவி. வெள்ளம் வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது என்று கொள்வோம். செண்பகாதேவியில் பெருகிய நீர் பேரருவிக்கு வந்து சேரப் பதினொரு நிமிஷம் ஆகும். செண்பகாதேவியில் பொறுத்திய அளவுகோல் நீர் ஏறியதை உணர்ந்த அந்தக் கணமே கீழே சங்கு ஊதுமானால், குளிப்பவர்களுக்குப் பதினொரு நிமிஷ அவகாசம் கிடைக்கும். பாட்டியைக் கைபிடித்து அழைத்துவரவும், பேரனைத் தூக்கிக்கொள்ளவும், மேட்டில் ஏறி நிற்கவும் அது தாராளமாகப் போதும். வெள்ளம் வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வந்தால் ஏழு நிமிஷங்கூட இராது. அதனால்தான் ஓடையில் நீர்மட்டத்தை அளப்பதோடு நிற்காமல், மலையுச்சியில் மழையையே அளக்க வேண்டும். ஓடை பெருகுவதற்கு முன்பே மழை பெய்தாக வேண்டும் அல்லவா? மேலே போகப் போக அவகாசம் கூடும். ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் வேறு வேறு ஓடைகள். ஆகையால் ஒவ்வொன்றுக்கும் மலைமேல் ஒரு கண்ணும், அடிவாரத்தில் ஒரு குரலும் வேண்டும். இவை பெயருக்கு இருந்தால் போதாது. இடி இடித்து மின்சாரம் நின்றுபோன பொழுதிலும் வேலை செய்ய வேண்டும்.

இந்தக் கண்ணுக்கும் மேலே வேறொரு கண் இருக்கிறது. 2020 அக்டோபரில் இந்திய வானிலை இலாகா, தெற்காசியத் திடீர் வெள்ள வழிகாட்டு முறையைத் தொடங்கிவைத்தது. இந்தியா, இலங்கை, நேபாளம், பூட்டான், வங்காள தேசம் ஆகிய நாடுகளுக்கு, திடீர் வெள்ளம் நேரக்கூடிய இடங்களை 6 மணி நேரத்துக்கு முன்னும் 24 மணி நேரத்துக்கு முன்னும் கணித்துச் சொல்வது அதன் வேலை. ஆனால் அது ஒரு பிரதேசத்தைச் சொல்லும். "இந்த அருவியில், இந்த நிமிஷத்தில்" என்று சொல்லாது. அந்தக் கடைசிச் செய்தியை நம் மலையிலேயேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

"எதற்கு இவ்வளவு சிரமம்? அபாயம் என்றால் அருவியைப் பூட்டிவிடலாமே!" என்று சிலர் சொல்லக்கூடும். மழைக்காலம் முழுவதும் பூட்டி வைத்தால் உயிர்ச்சேதம் இராது, உயிரும் இராது. எண்ணெய் தேய்த்துவிடுகிறவரும், பழக்கடைக்காரரும், சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவரும், வாடகை வண்டி ஓட்டுகிறவரும் சில மாதச் சீஸனை நம்பி வருஷம் முழுவதும் வாழ்கிறார்கள். காரணம் தெரியாமல் தடை போட்டுக்கொண்டே இருந்தால், "புலி வருது" கதையாக முடியும். மெய்யாகவே புலி வருகிற அன்று யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். எப்போது வேண்டுமோ அப்போது மட்டும், தெளிவாக, தாமதமின்றிச் சொல்லும் எச்சரிக்கைதான் ஸ்நானம் செய்பவருக்கும் கடைக்காரருக்கும் ஒருங்கே நன்மை செய்யும்.

நாம் செய்யக்கூடியது

சர்க்கார் செய்ய வேண்டியதைச் சொன்னோம். குடும்பத்துடன் போகிறவர்கள் செய்யக்கூடியது என்ன?

அருவி தன் குணம் மாறுவதற்கு முன்னால் ஜாடை காட்டும். தெளிந்த நீர் கலங்கிச் செம்மண் நிறமாகும். சருகும் சுள்ளியும் வரும். ஓசை கனக்கும். சில வேளை, மேலே மரமோ பாறையோ அடைத்துக்கொள்வதால் நீர் திடீரெனக் குறையும். அதுதான் எல்லாவற்றிலும் மோசமான அறிகுறி. இவற்றில் எதைக் கண்டாலும், சங்கு ஊதட்டும் என்று காத்திராமல் விலகிவிட வேண்டும். ஓடுவது ஓடையின் போக்கிலே அல்ல; பக்கத்து மேட்டை நோக்கி. செருப்புக்காகவும் துண்டுக்காகவும் திரும்பிப் போகலாகாது. மலை உச்சியில் கருமேகம் கவிந்திருந்தால், அடிவாரத்தில் வெயில் அடித்தாலும் அன்று அருவியைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்புவதே விவேகம்.

இன்னும் ஒன்று. பேரருவியில் ஆண்கள் பக்கம் வேறு, பெண்கள் பக்கம் வேறு. ஆபத்துச் சமயத்தில் கணவர் மனைவியைத் தேடி அந்தப் பக்கமும், மனைவி குழந்தையைத் தேடி இந்தப் பக்கமும் ஓடினால், கிடைத்த நிமிஷங்கள் வீணாகும். ஆகையால் குளிக்க இறங்குமுன்பே, "ஏதாவது என்றால் எல்லாரும் நேரே இந்த இடத்துக்கு வந்துவிடுவது" என்று மேட்டில் ஓரிடத்தைக் குழந்தைகளுக்குக் காட்டி வையுங்கள். யார் யாரைத் தேடுவது என்ற குழப்பம் இராது. இதற்கு ஒரு காசு செலவில்லை.

அடுத்த ஆனியிலும் சாரல் விழும். ரயில்கள் நிரம்பும். அருவி யாரையும் பேர் கேட்காமல், ஊர் கேட்காமல், எல்லோருடைய முதுகிலும் ஒன்றுபோலத் தட்டும். அதன்மேல் நமக்கு எந்த வருத்தமும் இல்லை. மழை மலையில் விழுந்ததற்கும் வெள்ளம் கீழே வந்ததற்கும் இடையில் இயற்கையே நமக்குச் சில நிமிஷங்களை ஒதுக்கி வைத்திருக்கிறது. 2024 மே மாதத்து அந்தப் பிற்பகலில் அந்த நிமிஷங்கள் யாருக்கும் தெரியாமலே கழிந்தன. இனி ஒரு வீட்டிலும் அப்படிக் கழியாதிருக்க வேண்டும்.